தலைவர் பதவியேற்கும் நாள் எப்படி வருது?



1977 முதல் 2022ல் திரௌபதி முர்மு வரை, குடியரசுத் தலைவர்கள் எல்லோரும் ஜூலை 25லேயே பதவியேற்றார்கள். இது நல்ல நாள் பார்த்து வைத்ததில்லை. சட்டத்திலும் அந்தத் தேதி கிடையாது. 1977 பிப்ரவரி 11ல் பக்ருதீன் அலி அகமது பதவியில் இருக்கும்போதே காலமானார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தணும். அப்படி வந்த நீலம் சஞ்சீவ ரெட்டி ஜூலை 25ல் பதவியேற்றார். பிறகு வந்தவர்கள் ஐந்தாண்டை முழுசாக முடித்ததால் அதே நாள் தொடர்ந்தது. உறுதிமொழி செய்து வைப்பவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி.

நம்ம ஊராட்சிக்கும் ஐந்தாண்டுதான். முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்து கணக்கு. முடியும் முன்பே தேர்தல் நடக்கணும். ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் நடக்கவில்லை. பல மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் நடந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்ததால், வார்டு வரையறை பாக்கி என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்னும் தள்ளிப்போனது. 2021 அக்டோபர் 20ல்தான் நம்ம தலைவர்கள் பதவியேற்றார்கள்.

அதுவரை ஐந்து வருஷம் தனி அலுவலர்தான். தண்ணி, தெருவிளக்கு கேட்க நாம் ஓட்டுப் போட்ட ஆள் இல்லை. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016ல் சட்டம் வந்தும் நாற்காலி காலியாகக் கிடந்தது. தேதி தவறினால் நம்ம உரிமையும் தவறும்.

குழுவில் பேசுங்க:

1. 2021ல் பதவியேற்றவர்களுக்கு ஐந்தாண்டு எந்த மாதம் முடியும்?

2. ஊக்குநர், பிரதிநிதி மாற வேண்டிய தேதி நம்ம தீர்மான நோட்டில் இருக்கா?