ஒலித்தட்டின் மறுபக்கம்

முன்னுரை

ஆரணியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தமே தாலாட்டு. எங்கள் வீட்டில் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒரு பழைய கிதாரும் தொங்குகிறது. என் அண்ணன் தறியை விட்டு, பெங்களூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேரப் போனபோது விட்டுச் சென்றது அது. அன்று முதல் அப்பா அவருடன் பேசுவதில்லை. "கிதாரைத் தட்டிப் பொழைச்சவன் எவனாவது உண்டா?" என்பது அப்பாவின் கேள்வி. அதற்கு விடை தேடியபோது நான் அறிந்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் பெயர் பிட்டு அப்பையா.

பெங்களூரிலிருந்து லண்டனுக்கு

பிட்டு 1945ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தவர். இலங்கை வானொலியில் மேல்நாட்டுப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தார். பீட்டில்ஸ் போன்ற குழுவினரிடம் மனத்தைப் பறிகொடுத்துக் கிதார் கற்றார். நண்பர்களுடன் 'டிரோஜன்ஸ்' என்னும் ராக் குழுவை அமைத்துக் கல்கத்தா, பம்பாய் நகரங்களில் வாசித்தார். குழு கலைந்த பின்னும் தனியே பாடினார். 1967இல் இங்கிலாந்து சென்றார்.

அங்கே பாடகராகப் புகழ்பெறவே அவர் விரும்பினார். ஆனால் அவருக்கு வாழ்வளித்தது மேடையன்று, ஒலிப்பதிவுக் கூடமே. 1969இல் ஜப்பானியக் குழுவான 'தி டைகர்ஸ்' பாடிய ஒரு பாட்டை அவர் தயாரித்தார். அது ஜப்பானில் பெருவெற்றி பெற்றது.

இசைத் தயாரிப்பாளர் என்பவர் நம் திரைப்படத் தயாரிப்பாளரைப் போலப் பணம் போடுபவர் அல்லர். பாட்டைத் தேர்ந்து, பாடுபவரைத் தேர்ந்து, எந்தக் கருவி எங்கே ஒலிக்க வேண்டுமென்று முடிவு செய்பவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் பாவின் நிறம், கரையின் அகலம், புட்டாவின் இடம் ஆகியவற்றை முடிவு செய்பவருக்கு ஒப்பானவர்.

பத்து நிமிடப் பாட்டு

1974இல் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ் என்ற பாடகருக்காக ஓர் ஒலித்தட்டு தயாரித்தார் பிட்டு. நேரத்தின் பெரும்பகுதியை முன்பக்கப் பாட்டே விழுங்கிவிட்டது. மறுபக்கத்தை நிரப்ப டக்ளஸ் எழுதிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' என்ற பாட்டை, எஞ்சிய பத்து நிமிடங்களில் பதிவு செய்தார்களாம். கேட்ட நிறுவனத்தார் அதையே முன்பக்கமாக வெளியிட்டனர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பெற்றது. குடியேறிகள் இருவர் சேர்ந்து பெற்ற வெற்றி இது. 1976இல் டினா சார்ல்ஸ் பாடிய 'ஐ லவ் டு லவ்' பாட்டும் பிட்டுவின் தயாரிப்பில் இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது.

தாயகம் திரும்பிய இசை

1980இல் வெளிவந்த 'குர்பானி' இந்திப் படத்தில் மற்றப் பாடல்களுக்குக் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இசையமைக்க, 'ஆப் ஜைசா கோயி' என்ற ஒரு பாட்டுக்கு மட்டும் பிட்டு இசையமைத்தார். பாடியவர் லண்டனில் வாழ்ந்த பாகிஸ்தானியச் சிறுமி நாசியா ஹசன். 1981இல் இருவரும் 'டிஸ்கோ தீவானே' இசைத்தொகுப்பை அளித்தனர். 1995இல் அலிஷா சினாய் பாடிப் புகழ்பெற்ற 'மேட் இன் இந்தியா'வும் பிட்டுவின் இசையே. திரைப்படத்தின் துணையின்றியும் ஒரு பாட்டு நாடெங்கும் பரவ முடியும் என்பதை அது காட்டியது.

முடிவுரை

இக்கட்டுரையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டார். "பாடினவங்க பேரு எல்லாருக்கும் தெரியும். கட்டினவன் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவரே சற்று நேரம் கழித்து, "நாம நெய்யற புடவையிலயும் நம்ம பேரு இல்லியே" என்றார்.

மேடையின் வெளிச்சத்தில் நிற்பவர் மட்டுமே கலைஞர் என்று நானும் எண்ணியிருந்தேன். பெயர் தெரியாமல் பின்னால் இருந்து செய்வதும் தொழில்தான் என்பதை இவ்வரலாறு எனக்கு உணர்த்தியது. அப்பாவோ நான் எழுதாத ஒன்றையும் அதில் கண்டுகொண்டார்போலும். அன்றிரவு தறியை விட்டு எழுந்தவர், "உன் அண்ணன் நம்பர் மாறலியே?" என்று கேட்டார்.