கெர்னலுக்கு ஒரு திருத்தம்

கேள்வி: நிரல் எழுதக் கற்றுவரும் மாணவர் ஒருவர் லினக்ஸ் கெர்னல் போன்ற பெரிய திறமூலத் திட்டத்தில் பங்கேற்க இயலுமா?

பதில்: உறுதியாக இயலும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்தக் கெர்னல், அதாவது கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் அடிப்படை மென்பொருள், பலர் அனுப்பும் திருத்தங்களாலேயே இன்றும் வளர்கிறது. 'பேட்ச்' எனப்படும் திருத்தம் என்பது, நீக்கிய வரிகளைக் கழித்தல் குறியாலும் சேர்த்த வரிகளைக் கூட்டல் குறியாலும் காட்டும் சிறு கோப்பாகும். அதன் விளக்கக் குறிப்பின் முடிவில் 'சைன்டு-ஆஃப்-பை' எனத் தொடங்கும் வரியில் எழுதியவர் தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் இடவேண்டும். 2004இல் நடைமுறைக்கு வந்த இவ்வரி, அந்நிரலை வழங்கும் உரிமை தமக்கு உண்டு என்று அவர் அளிக்கும் உறுதிமொழியாதலால், அது இல்லாத திருத்தம் ஏற்கப்படுவதில்லை.

வரும் திருத்தங்களை ஆராய்ந்து ஏற்கும் பராமரிப்பாளர்களின் பெயர்கள், மூலநிரலுடன் வரும் 'மெயின்டெய்னர்ஸ்' என்ற கோப்பில் பகுதிவாரியாக உள்ளன. இன்னும் செம்மைப்படாத வன்பொருள் இயக்கிகள் வைக்கப்படும் 'ஸ்டேஜிங்' பகுதி புதியவருக்கு ஏற்ற இடம். ஆவணங்களில் உள்ள பிழைகளைக் களைவதும் மதிப்புக் குறைந்த பணியன்று. எழுதியதைச் 'செக்பேட்ச்' என்ற கருவியால் சோதித்த பின்னரே அனுப்புவது முறை.

பராமரிப்பாளர் குறை சுட்டித் திருப்பினால், அதைப் புறக்கணிப்பாகக் கொண்டு ஒதுங்கிவிடலாகாது. அனுபவம் மிக்க ஒருவர் நேரம் ஒதுக்கி அந்நிரலை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பதே அதன் பொருள். சுட்டியவற்றைத் திருத்தி, தலைப்பில் 'வி2' எனக் குறித்து, முந்தைய வடிவிலிருந்து மாறியவை எவை என்பதையும் எழுதி மீண்டும் அனுப்புவதே அங்குள்ள வழக்கம்.