ஓடுகிற பிள்ளைக்குக் கென்யாவைப் பற்றி

போலாரம், செகந்திராபாத்

அன்புள்ள மகனுக்கு,

ஆப்பிரிக்க நாடுகளின் வீரர்கள் திரளாக வந்து கலந்துகொண்ட சர்வதேசப் போட்டிகள் ஹைதராபாத்தில் இரண்டு முறை நடந்திருக்கின்றன. முதலாவது, 2003 அக்டோபர் 24 முதல் நவம்பர் 1 வரை நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டி. தடகளம், ஹாக்கி, குத்துச்சண்டை என எட்டு விளையாட்டுகள் அதில் இருந்தன. கால்பந்து அரையிறுதியில் இந்தியா ஜிம்பாப்வேயை 5-3 என்று வென்றது. இரண்டாவது, 2007 அக்டோபர் 14 முதல் 21 வரை ஹைதராபாத்திலும் மும்பையிலுமாக நடந்த நான்காவது உலக ராணுவ விளையாட்டுப் போட்டி. ஏறக்குறைய நூறு நாடுகளின் படைவீரர்கள் அதற்கு வந்தார்கள். கண்டோன்மென்ட் ஊரான போலாரத்தில் வளரும் ஓட்டக்காரருக்கு இந்த இரண்டாவது போட்டியே அதிகம் கற்றுத்தரும். ஆப்பிரிக்க ஓட்டக்காரர்கள் பலரை ஆளாக்கியது படையும் காவல்துறையும்தான். அதற்குக் கென்யாவைவிடத் தெளிவான சான்று கிடையாது.

கென்யா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டது. அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. சுதந்திரம் வந்தது 1963 டிசம்பரில். அடுத்த ஆண்டே டோக்கியோவில் வில்சன் கிப்ருகுட் 800 மீட்டரில் வெண்கலம் பெற்றார். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் ராணுவத்தில் இருந்தவர். 1968இல் மெக்சிகோ சிட்டியில் மூன்று தங்கம் கிடைத்தது. 10,000 மீட்டரில் வென்ற நஃப்தாலி டெமு ராணுவத்தவர். 1,500 மீட்டரில் வென்ற கிப் கெய்னோ காவல்துறையைச் சேர்ந்தவர். 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் அமோஸ் பிவோட் வென்றார். 28 தடைகளையும் 7 நீர்க்குழிகளையும் தாண்டி ஓடும் இந்தப் பந்தயம் அதன்பின் கென்யாவின் சொத்தாகவே ஆகிப்போனது. 1968 முதல் 2016 வரை அந்த நாடு கலந்துகொண்ட எல்லா ஒலிம்பிக்கிலும் ஆண்கள் ஸ்டீபிள்சேஸ் தங்கம் அதற்கே போயிற்று. டோக்கியோ 2020இல் மொராக்கோவின் சூஃபியான் எல் பக்காலிதான் அந்த வரிசையை முறித்தார்.

இந்த வெற்றிகளுக்கு மலை உயரமும் பிறப்பும்தான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. உயரத்துக்குப் பங்கு உண்டு. ஓட்டக்காரர்களின் ஊராகப் பெயர் பெற்ற இட்டென் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அதற்கு ஈடாக உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் உதகமண்டலமும் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம்தான். உயரம் ஒன்றே போதும் என்றால் நீலகிரியிலிருந்தும் ஒலிம்பிக் தங்கங்கள் வந்திருக்க வேண்டும். பதக்கம் வென்றவர்களில் பெரும்பாலோர் கலெஞ்சின் இனத்தவர் என்பது உண்மையே. என்றாலும் 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா மசாய் இனத்தவர். பிறப்பைக் காரணம் காட்டும் பேச்சு, அந்த மனிதர்களின் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு: தொலைவில் இருக்கும் இளம் ஓட்டக்காரர் முயல்வதற்கு முன்பே கைவிட அது ஒரு சாக்காகிவிடும்.

உயரத்தோடு சேர்ந்து வேலை செய்தவை பள்ளி, குழு, வேலை ஆகிய மூன்றும். இட்டெனிலுள்ள செயின்ட் பாட்ரிக் உயர்நிலைப் பள்ளிக்கு 1976இல் அயர்லாந்திலிருந்து ஆசிரியராக வந்த சகோதரர் கோல்ம் ஓ'கானல், தடகளத்தில் முறையான பயிற்சி எதுவும் இல்லாமலே பயிற்றுநர் ஆனார். 1988 சியோலில் 1,500 மீட்டர் தங்கம் வென்ற பீட்டர் ரோனோ அந்தப் பள்ளியின் மாணவர். ருடிஷாவும் ஓ'கானலிடம் பயின்றவர்தான். இரண்டாவது, குழு. அந்த மலைப்பகுதியில் விடியற்காலையில் ஓட்டக்காரர்கள் கூட்டமாகவே கிளம்புவார்கள். கடினப் பயிற்சி இல்லாத நாட்களில் உலகச் சாம்பியனும் மிக மெதுவாகத் தொடங்குவார். வேகம் பிறகுதான் ஏறும். இங்கே தனியாக ஓடும் இளைஞர்கள் ஒவ்வொரு நாளும் கடிகாரத்தோடு போட்டி போட்டுக் காலைக் காயப்படுத்திக்கொள்வதை நினைத்தால் இந்தப் பழக்கத்தின் அருமை புரியும்.

மூன்றாவது, வேலை. கென்ய ராணுவம், காவல்துறை, சிறைத்துறை ஆகியவை ஓட்டக்காரர்களுக்குச் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் தருகின்றன. ருடிஷாவும் காவல்துறையில் பணியில் இருந்தவர். இந்தப் பிடிமானம் எவ்வளவு தேவை என்பதை ஹென்றி ரோனோவின் வாழ்க்கை காட்டுகிறது. 1978இல் 81 நாட்களுக்குள் 3,000, 5,000, 10,000 மீட்டர், ஸ்டீபிள்சேஸ் ஆகிய நான்கிலும் உலக சாதனை படைத்தவர் அவர். ஆனால் 1976, 1980 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கையும் கென்யா புறக்கணித்தது. முதலாவது, தென்னாப்பிரிக்காவுக்கு ரக்பி அணியை அனுப்பிய நியூசிலாந்து கலந்துகொண்டதை எதிர்த்து; அடுத்தது, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து. ரோனோ ஒலிம்பிக்கில் ஓடவே இல்லை. பின்னாளில் மதுவுக்கு அடிமையாகி மிகவும் துன்பப்பட்டார். ஒருவரின் ஓட்டக்காலம் சில ஆண்டுகள்தான்; அதையும் அரசியலோ காயமோ எந்த நேரத்திலும் பறித்துவிடலாம்.

இந்திய மண்ணில் கென்யாவின் முழு வலிமையும் தெரிந்தது 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில். 12 தங்கத்தோடு அது ஆறாவது இடம் பெற்றது. ஐந்தாவதாக வந்த தென்னாப்பிரிக்காவுக்கும் அதே 12 தங்கம், அதே 11 வெள்ளி. வெண்கலத்தில்தான் ஒன்று கூடுதல். நான்சி லகாட் பெண்கள் 800, 1,500 இரண்டிலும் வென்றார். ஜேசன் டன்ஃபோர்ட் 50 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் தங்கம் வென்றதையும் மறக்கக் கூடாது. கென்யா என்றாலே ஓட்டம் மட்டும்தான் என்று எண்ணுவது சரியல்ல என்று அது காட்டியது. பெண்கள் 10,000 மீட்டரில் இரண்டு கென்யப் பெண்களுக்குப் பின்னால் வந்து வெண்கலம் பெற்றவர் நாசிக்கின் கவிதா ராவுத்.

1998 முதல் 2018 வரை ஆறு காமன்வெல்த் போட்டிகளிலும் ஆண்கள் ஸ்டீபிள்சேஸின் மூன்று பதக்கங்களும் கென்யாவுக்கே சென்றன. அந்தக் கோட்டையில் நுழைந்தவர் ஓர் இந்தியச் சிப்பாய். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவினாஷ் சாப்ளே, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் மஹார் படைப்பிரிவில் சேர்ந்து சியாச்சினிலும் பணியாற்றினார். 2015இல் ராணுவத்தின் குறுக்குநாட்டு ஓட்டத்தில்தான் போட்டி ஓட்டமே தொடங்கியது. 2022 பர்மிங்காமில் 8 நிமிடம் 11.20 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஆபிரகாம் கிபிவோட் முந்தியது 0.05 விநாடியில். கென்யாவை நெருங்க இந்தியாவுக்குத் திறந்த வழியும் கென்யா போன அதே வழிதான்: படையில் வேலை, குழுவோடு பயிற்சி, பொறுமையான ஆண்டுகள்.

கென்யாவிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. ரியோ 2016 பெண்கள் மாரத்தானில் வென்ற ஜெமிமா சும்கோங்கும், 1,500 மீட்டரில் மூன்று முறை உலகச் சாம்பியனான அஸ்பெல் கிப்ரோப்பும் இபிஓ ஊக்கமருந்து பயன்படுத்தியதற்காகத் தடை செய்யப்பட்டார்கள். வறுமையிலிருந்து ஒரே பந்தயத்தில் வெளியேறிவிடலாம் என்ற ஆசை அங்கே பலரையும் அழித்திருக்கிறது. ஊக்கமருந்து விதிகளின்படி உடலில் இருப்பதற்கு ஓட்டக்காரரே பொறுப்பு. கொடுத்தது யார் என்பது அவரைக் காப்பாற்றாது. ஜிம்மில் யாரோ தரும் பொடியையும் ஊசியையும் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. மருத்துவர் எழுதித்தரும் மருந்தையும் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உட்கொள்ள வேண்டும்.

போலாரத்து இளைஞர் முதலில் தேட வேண்டியது தன்னைவிடச் சற்று வேகமான நான்கு பேரும் ஒரு நல்ல பயிற்றுநரும். அடுத்தது வேலை. செகந்திராபாத்தில் தென்மத்திய ரயில்வேயின் தலைமையகம் இருக்கிறது. அங்கே விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ராணுவத்தில் 2022 முதல் அக்னிவீரராகச் சேருபவருக்கு நான்கு ஆண்டுதான் பணி. அதன்பின் நான்கில் ஒருவரை மட்டுமே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். தேசிய, சர்வதேசப் போட்டிகளில் தேறியவர்களை நேரடியாக ஹவில்தாராகவும் நாயப் சுபேதாராகவும் எடுக்கும் வழி தனியாக இருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு ஆள்சேர்ப்புப் பேரணிக்குப் போவதைவிட, படிப்பை விடாமல் இரண்டு மூன்று ஆண்டு மாநில, தேசியப் போட்டிகளில் ஓடிவிட்டு அந்த வழியில் விண்ணப்பிப்பது நல்லது.

அன்புடன்,
பெரியப்பா