கொயினாவின் கலப்பும் கேடும் அறியும் வகை

நீலகிரி ஜில்லாவில் சிங்கோனா மரம் 1860-ஆம் ஆண்டு முதல் சர்க்கார் தோட்டங்களில் பயிராயிற்று. தொட்டபெட்டாவின் உயர்ந்த சரிவுகளில் ஆபிசினாலிஸ் என்னும் இனமும், அதனினும் தாழ்ந்த நடுவட்டத்தில் சக்சிரூப்ரா என்னும் செம்பட்டை இனமும் நன்கு வளர்ந்தன. முறைக்காய்ச்சலுக்குரிய கொயினா இப்பட்டையில் தனித்து நிற்பதில்லை. சிங்கோனிடின், சிங்கோனின், குயினிடின் முதலிய பங்காளிகளும் அதனுடன் உறைகின்றன. செம்பட்டையில் சிங்கோனிடின் மிகுதி. நன்கு பிரிக்கப்படாத உப்பை உண்ணும் நோயாளி, எடை குறையாமல் உண்டும் கொயினாவைக் குறைவாகவே உண்டவனாகிறான். சென்னை சர்க்கார் 1866-இல் ஜான் பிராட்டன் என்னும் ரசாயன சாஸ்திரியையும், 1884-இல் டேவிட் ஹூப்பரையும் இம்மலைக்கு நியமித்தனர்.

கொயினாவை நீர்த்த கந்தகாமிலத்தில் கரைத்தால் நீலவொளி வீசும். புரோமின் நீர் சில துளி விட்டு, பின் அம்மோனியா சேர்த்தால் மரகதப் பச்சை தோன்றும். ஆயின் இவ்விரண்டையும் கண்டு திருப்தியடைதல் கூடாது. குயினிடினும் இவ்வாறே ஒளிரும், பச்சையாகும். மேலும், “கொயினா இருக்கிறது” என்பது வேறு; “வேறொன்றும் இல்லை” என்பது வேறு. பின்னதற்குக் கெர்னர் என்பவரின் பரீட்சையே நெடுங்காலம் கைகொடுத்தது.

அதன் தத்துவம் எளியது. கொயினா சல்பேட்டு ஒரு பங்கு கரைய ஏறக்குறைய 800 பங்கு குளிர்நீர் வேண்டும். சிங்கோனிடின் சல்பேட்டுக்கு ஏறக்குறைய 100 பங்கே போதும். ஆகவே உப்பை 15 பாகை வெப்பமுள்ள நீரில் ஊறவைத்து வடிகட்டினால், கலப்பு வடிநீரில் கூடுதலாக இறங்கிவிடும். அவ்வடிநீரில் 5 கன சென்டிமீட்டர் எடுத்து அம்மோனியா நீர் விட, முதலில் வெண்மையாய்ப் படியும். மேலும் விட, கொயினா எளிதில் கரைந்து தெளியும், சிங்கோனிடின் எளிதில் கரையாது. குறித்த வலிமையுள்ள அம்மோனியா 7 கன சென்டிமீட்டருக்குள் தெளிந்தால் உப்பு நல்லது.

டைஹைட்ரோகுயினைன் என்னும் நெருங்கிய பங்காளி இதற்கும் தப்பும். குளிர்ந்த அமிலத்தில் பெர்மாங்கனேட்டின் நிறத்தைக் கொயினா அழிக்கும், அது அழிக்காது. அவ்வேறுபாட்டால் அது பிடிபட்டது.

இதுவரை சொன்னவை மரத்திலேயே பிறந்த கலப்புகள். வைப்பிலே பிறக்கும் கேடு மற்றொன்று. 1853-இல் பாஸ்டர், கொயினாவின் அமில உப்பைச் சூடாக்கி, அது குயினோடாக்ஸின் என்னும் வேறு வஸ்துவாவதைக் காட்டினார். வெயில் பட்ட கரைசல் பழுப்பேறும். இங்கே தோட்ட அதிகாரியாயிருந்த மெக்ஐவர், நிற்கும் மரத்தைப் பாசியால் மூடி ஒளியை மறைத்தபோது, புதிதாய் வளர்ந்த பட்டையில் கொயினா கூடியதும் ஈண்டுக் கருதத்தக்கது.

வறண்ட காற்றில் திறந்துவைத்த கொயினா சல்பேட்டுப் பொடி எடை குறைந்தால் காவற்காரனைச் சந்தேகிக்கவேண்டா. படிகத்திலிருந்த நீர் வெளியேறியதேயாம், அது கேடன்று. ஆனால் அப்பொடியின் ஒவ்வொரு குன்றியெடையிலும் மருந்து கூடியிருக்கும்.

நடுவட்டத்துக் கொயினா ஆலை இன்று நடைபெறவில்லை. முறைக்காய்ச்சலுக்கு இக்காலத்தில் ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகளே முதலிடம் பெற்றுள்ளன. பரீட்சையும் மாறிவிட்டது. மருந்தை வேண்டுமென்றே அமிலம், காரம், வெப்பம், ஒளி இவற்றிற்கு உட்படுத்திச் சிதைத்து, திரவ நிறச்சாரல் கருவியில் ஒவ்வொரு சிதைவுப் பொருளையும் தனித்தனியே பிரித்து அளக்கிறார்கள். விற்பனைக்குரிய மருந்தையோ 40 பாகை வெப்பத்திலும் நூற்றுக்கு 75 ஈரத்திலும் ஆறு மாதம் வைத்துச் சோதிப்பர்.