பழைய காரின் அடிச்சட்டத்தை வலுப்படுத்துவது பயன் தருமா?

பழைய கார்களைப் பேணும் வாடிக்கையாளர் சிலர், சேசிஸுக்குக் கூடுதல் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்கலாமா என்று வினவுகின்றனர். செலவு சிறிதன்று, கடன் பெற்றுச் செய்வோரும் உளர். எனவே இதனைச் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ட்ரையம்ப் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் கார் (1962) இதன் உடன்பிறப்பு. இரண்டின் உடலையும் வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இரண்டுக்கும் தனி அடிச்சட்டம் உண்டு. எனினும் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். ஹெரால்டில் நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டுக் கைகள் நீண்டு உடலைத் தாங்குகின்றன. ஸ்பிட்ஃபயரில் அப்பக்கச் சட்டங்கள் இல்லை. கதவுக்குக் கீழுள்ள வாசற்படிப் பகுதியே சுமையின் ஒரு பங்கை ஏற்கிறது. அப்பகுதி துருப்பிடித்திருக்க, நடுச்சட்டத்தில் தகடு சேர்ப்பது வீண்.

இரும்புக்கு இரும்பு சேர்த்தால் வலு கூடும் என்பது கடைத்தெருக் கணக்கு. பழைய தகட்டின் மேல் புதிய தகட்டை வைத்தால் இரண்டுக்கும் இடையில் ஈரம் தங்கும். போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) அருகிலுள்ள சிப்பிகாட்டை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, வயல்களில் கடல்நீர் புகுந்த ஊர் அது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, காற்றிலோ உப்பு. அங்கே மூடிய பெட்டிச் சட்டம் உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே தகடு தாளாகியிருக்கும். அரித்த பகுதியை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள தகட்டைப் பொருத்தி, உட்புறத்தில் மெழுகுப் பூச்சு தெளிப்பதே செலவிடத் தக்க வேலை. வெல்டிங் வெப்பத்தில் சட்டம் கோணாதிருக்க மூலைவிட்ட அளவுகளை முன்னும் பின்னும் அளத்தல் வேண்டும். எண் பொறித்த பகுதியைத் தொடவே கூடாது.

வளைவுகளில் கார் தடுமாறுகிறது என்பதற்காகச் சட்டத்தை வலுப்படுத்துவோரும் உளர். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் அமைந்தவை. வேகமாகத் திரும்பினால் சக்கரம் உட்புறம் மடங்கும். இக்குறைக்குச் சட்டத்தில் மருந்தில்லை. வில்லையும் அதிர்வடக்கியையும் டயரையும் முதலில் பார்க்க வேண்டும்.

இனிப் பண விவரத்துக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய அரசு திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த கார் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000. ஆனால் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கலாகாது. வாகனம் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. ஆகவே, வலுவுக்கென்று கொடுத்த பணம் அந்தத் தகுதியையே பறித்துவிடக்கூடும். பழுதுநீக்கத்துக்கும் மாற்றத்துக்கும் உள்ள எல்லையை, வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நன்று.

காப்பீட்டிலும் இதே நிலைதான். ஐந்தாண்டு கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வது. அப்பேச்சுக்கு உதவுபவை: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், தகட்டின் கனம் குறித்த பட்டறை ரசீது, அளவுக் குறிப்புகள். தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டின்போது இடையூறாகலாம். கார் கடனுக்கு ஈடாக இருப்பின், வெல்டிங் தொடங்குமுன் கடன் கொடுத்த கிளைக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.