மின்னஞ்சலும் அதன் முகவரியும்

தபால்காரரை அறியாதவர் நம் ஊர்களில் எவருமிலர். உறையின் மீது கதவு எண் தவறாக இருந்தாலும், "இது மேலத்தெரு வாத்தியார் வீட்டுக் கடிதம்" என்று ஊகித்து, உரியவர் கையில் சேர்த்துவிடுவார். இன்றோ கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வேலைவாய்ப்பு பற்றிய செய்திகள் பலவும் மின்னஞ்சலில் வருகின்றன. அங்கே ஊகித்துப் படிக்கும் தபால்காரர் இல்லை. ஆகவே, அந்த அஞ்சல் இயங்கும் முறையை நாம் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

வலைப்பின்னல் வழியாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு முதன்முதலில் மின்னஞ்சல் அனுப்பியவர் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஆண்டு 1971. இரு கணிப்பொறிகளும் அருகருகே இருந்தபோதிலும், அவற்றை இணைத்தது அர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னல் மட்டுமே. பெறுபவரின் பெயரையும் அவருடைய கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஆட்பெயர்களில் வராத '@' என்னும் குறியை அவர் தேர்ந்தெடுத்தார். 'அட்' என்று வாசிக்கப்படும் அதற்கு 'இன்ன இடத்தில்' என்பது பொருள்.

'பெயர்@ஜிமெயில்.காம்' என்பதை எடுத்துக்கொள்வோம். வழக்கத்தில் இதனை ஆங்கில எழுத்துகளில் எழுதுகிறோம். குறிக்கு வலப்புறம் உள்ளது, அஞ்சல் பெட்டியை வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர். இடப்புறம் உள்ளது, அந்நிறுவனத்தில் நமக்குரிய பெட்டியின் பெயர். நம் நாட்டில் 1972-இல் வந்த பின்கோடு எந்த அஞ்சலகம் என்று காட்டுவதைப்போல வலப்பகுதியும், வீட்டு எண்ணைப்போல இடப்பகுதியும் பயன்படுகின்றன எனலாம். முகவரியின் நடுவே இடைவெளி விடலாகாது. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு முகவரியாகிவிடும்.

கடிதத்தை நாம் அனுப்பியதும், முதலில் அது நம் நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. அந்தச் சர்வர் முகவரியின் வலப்பகுதியைப் பார்த்து, 'இந்நிறுவனத்தின் கடிதங்களைப் பெறும் கணிப்பொறி எது?' என்று டி.என்.எஸ். எனப்படும் பெயரேட்டில் விசாரிக்கிறது. விடை கிடைத்ததும் கடிதத்தை அங்கே ஒப்படைக்கிறது. இவ்வாறு ஒப்படைக்கும் விதிமுறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். பெறும் சர்வர் இடப்பகுதியைப் பார்க்கிறது. அப்பெயரில் பெட்டி இருந்தால் கடிதத்தை அதில் இடும். இல்லையேல் ஏற்க மறுக்கும். அப்போது 'சேர்க்க இயலவில்லை' என்னும் அறிவிப்பு நமக்கு வந்து சேரும். தவறான முகவரியும் வேறொருவருக்கு உரியதாக இருந்துவிட்டால், அந்த அறிவிப்புக்கூட வராது!

எந்தக் கணிப்பொறியிலிருந்தும் இலவசமாக அஞ்சல் பார்க்கும் வசதியைப் பரவச் செய்தது 1996-இல் தொடங்கிய ஹாட்மெயில். இந்தியாவில் பிறந்த சபீர் பாட்டியாவும், ஜாக் ஸ்மித் என்பவரும் அதனை நிறுவினர். 2004-இல் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் வந்தது.

இனி, எனக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டரில் ஓர் அண்ணன் எனக்கு மின்னஞ்சல் முகவரி ஏற்படுத்திக் கொடுத்தார். கடவுச்சொல்லை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதில் பதிந்த கைப்பேசி எண்ணும் அவருடையதே. பின்னர் ஓர் உதவித்தொகைக்காகச் சான்றிதழ் கேட்டு அந்த முகவரிக்குக் கடிதம் வந்தது. நான் அதைக் காணும்போது கெடு முடிந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. அண்ணன் மீது குற்றமில்லை. வீட்டை என் பெயரில் வைத்துக்கொண்டு, சாவியைப் பிறரிடம் விட்டது என் குற்றமே.

ஆகவே நண்பர்களே, உங்கள் முகவரியை நீங்களே ஏற்படுத்துங்கள். உங்கள் கைப்பேசி எண்ணையே அதில் பதியுங்கள். கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் சொல்லாதீர்கள். பொதுக் கணிப்பொறியில் பார்த்தால், 'லாக் அவுட்' செய்த பின்னரே எழுந்திருங்கள். வேண்டாத கடிதங்களை ஒதுக்கும் 'ஸ்பேம்' பெட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்; நல்ல கடிதமும் சில வேளை அங்கே சிக்கிக்கொள்ளும். ஈராண்டு பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

நம்முள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வீட்டில் கேட்டறிய ஆளில்லை. எனவே, அறிந்தவர் அறியாத ஒருவருக்கேனும் இதனைக் கற்றுக்கொடுப்போமாக!