வீட்டிலிருப்போரும் உடன் நடக்கட்டும்



மடு அன்னையின் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் நம்மவருள் பலர் கால்நடையாகச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். நடக்க இயன்றவர் நடக்கின்றனர். ஆனால் நோயுற்ற அம்மம்மா, கைக்குழந்தையோடிருக்கும் சகோதரி, கடல் கடந்து வாழும் மகன் ஆகியோர் புறப்பட இயலாது நின்றுவிடுகின்றனர். அந்த யாத்திரையில் இவர்களுக்குப் பங்கு உண்டா? உண்டெனில் நடப்பவர் அதை எவ்வாறு அவர்களிடம் சேர்ப்பது?

இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண் யாத்திரிகர் தமது வாழ்வால் இதற்கு விடை தந்திருக்கிறார்.

எஜேரியா அம்மையார்

இவர் ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து புனித நாடுகளுக்குச் சென்றவர். இவரது பயணம் கி.பி. 381க்கும் 384க்கும் இடைப்பட்டதென ஆய்வாளர் பலர் கணிக்கின்றனர். தாம் கண்டவற்றையெல்லாம் ஊரிலிருந்த தம் ‘சகோதரிகளுக்கு’ இலத்தீன் மொழியில் எழுதினார். நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்த எழுத்து, 1884ஆம் ஆண்டில் இத்தாலியின் அரெற்சோ நகரில் ஒரு கையெழுத்துப் பிரதியிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. எஞ்சிய பகுதியே நமக்குப் போதிய பாடம்.

வாசித்தார், செபித்தார், எழுதினார்

சீனாய் மலையடிவாரத்தை ஒரு சனிக்கிழமை மாலை அடைந்த அம்மையார், மறுநாள் அதிகாலையில் ஏறத் தொடங்கினார். மிருகத்தின் மீதமர்ந்து ஏற முடியாத செங்குத்தான மலை அது. ஆகவே கால்நடையாகவே ஏறி, காலை பத்து மணியளவில் உச்சியை அடைந்தார். அங்கிருந்த சிற்றாலயத்தில் மோயீசனின் நூலிலிருந்து அவ்விடத்துக்குரிய பகுதி வாசிக்கப்பட்டது, திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. வெளியே வந்தபோது குருக்கள் அம்மலையில் விளைந்த பழங்களை அன்பளிப்பாகக் கொடுத்தனர். இவை யாவற்றையும் அவர் எழுதினார்.

எங்கு சென்றாலும் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது: முதலில் செபம், பின் அவ்விடம் பற்றிய வேதாகம வாசகம், பொருத்தமான சங்கீதம், மீண்டும் செபம். ஆகவே ஊரிலிருந்த சகோதரிகள் மலையின் உயரத்தை மட்டும் அறியவில்லை. அதே பகுதியைத் தம் வேதாகமத்தில் திறந்து அவரோடு சேர்ந்து செபிக்கவும் அவர்களால் முடிந்தது.

உள்ளதையே சொன்னார்

லோத்துவின் மனைவி உப்புத் தூணான இடத்தையும் அம்மையாருக்குக் காட்டினர். தூணைக் கண்டதாக எழுதியிருந்தால் சகோதரிகள் வியந்திருப்பர். அவரோ தூண் அங்கே தென்படவில்லை, இடத்தை மட்டுமே காட்டினர், இதில் உங்களை ஏமாற்ற மாட்டேன் என்ற கருத்தில் எழுதினார். யாத்திரையைப் பகிர்வோர் கூட்டிச் சொல்லும் சோதனைக்கு உட்படலாகாது. புதுமையைக் கண்டால் சொல்லுங்கள். காணவில்லையெனில், கால் வலித்தது, மழையில் நனைந்தோம், செபமாலை சொல்லும்போது தூங்கிவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதுவும் சாட்சியமே.

மெல்ல நடந்த கூட்டம்

எருசலேமில் குருத்து ஞாயிறு மாலையில் ஒலிவ மலையிலிருந்து மக்கள் அனைவரும் நடந்து வந்ததை அவர் விவரிக்கிறார். நடக்க இயலாத குழந்தைகளைப் பெற்றோர் தோளிற் சுமந்தனர். மக்கள் களைத்துவிடாதபடி கூட்டம் மெல்ல மெல்ல நகர்ந்தது. பலவீனருக்காக வலியோர் நடையைக் குறைத்தனர். வீட்டில் இருப்போரையும் நாம் இவ்வாறே சுமக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. புறப்படுமுன் வீட்டாரிடமும் அயலவரிடமும் அவர்களது மன்றாட்டைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாள் நடையையும் ஒருவருக்காக ஒப்புக்கொடுங்கள்.

2. கைத்தொலைபேசியில் நொடிக்கொரு படம் அனுப்புவதிலும், நாளுக்கு ஒரு செய்தி அனுப்புவது மேலானது. அதில் அன்று வாசித்த வேதாகமப் பகுதியைக் குறிப்பிட்டு, வீட்டாரும் இரவுச் செபத்தில் அதையே வாசிக்கக் கேளுங்கள்.

3. நடக்கும் நேரத்தில் கைத்தொலைபேசியை மூடி வையுங்கள். தான் செபிக்காத யாத்திரையை ஒருவர் பிறருடன் பகிர இயலாது.

4. திரும்பியதும் குடும்பத்தைக் கூட்டி அமர்த்திச் சொல்லுங்கள். பவுலும் பர்னபாவும் அந்தியோக்கியாவுக்குத் திரும்பியதும் திருச்சபையைக் கூட்டி, கடவுள் தங்கள் வழியாகச் செய்தவற்றை அறிவித்தனர் (தி.ப. 14:27). தாங்கள் செய்தவற்றையல்ல, கடவுள் செய்தவற்றையே அறிவித்தனர் என்பதைக் கவனியுங்கள்.

எஜேரியா அம்மையார், கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து எழுதுகையில், எபேசுவுக்குச் செல்ல எண்ணியிருப்பதாகக் கூறி, தாம் உயிரோடிருப்பினும் இறப்பினும் தம்மை நினைவுகூருமாறு சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறார். நடந்தவருக்கும் வீட்டிலிருப்போரின் செபம் தேவைப்பட்டது.

குடும்பத்தில் கலந்துரையாட

சென்ற யாத்திரையில் நாம் யாருக்காக நடந்தோம்? திரும்பி வந்து அவரிடம் அதைச் சொன்னோமா? அடுத்த யாத்திரைக்கு வர இயலாதிருப்பவர் யார்? அவரை இவ்வாரமே சந்தித்து, அவரது மன்றாட்டைக் கேட்டு வாருங்கள்.